உறைந்த குளத்தில் ஓடிய தெப்பம்

அக்னி நட்சத்திரம் பாதி கழிந்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பொன்விளாகம் தெப்பக்குளம் உறைந்துபோனது. முதலில் கண்டவர் குளிக்கப் போன குருக்கள். துண்டைப் படியில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கப் போனவர், முழங்கால் ணங்கென்று இடிக்க அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடம் சுகமாக இருந்ததால் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். நாலு பக்கமும் படிக்கட்டு, நடுவே நீராழி மண்டபம், இடையில் நேற்று வரை பச்சைத் தண்ணீர் கிடந்த இடமெல்லாம் கட்டியாக இறுகிய பனி. அதற்கடியில் கெண்டை மீன்கள் ஒன்றுமே நடக்காததுபோல வழக்கமான சுற்றில் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் ஊரில் ஆச்சரியப்பட்டுக்கொண்டே நிற்க யாருக்கும் பொழுது கிடையாது. பத்து மணிக்குள் மீனுக்குப் பொரி போடுவதற்காக வடக்குப் படியோரம் கடப்பாரையால் ஓர் ஓட்டை போட்டாயிற்று, உச்சி வெயிலுக்குள் வீட்டுக்கு வீடு தயிர்ச் சட்டியைக் கொண்டுவந்து கீழ்ப்படியில் வரிசையாக வைத்தாயிற்று, சாயங்காலம் நன்னாரி சர்பத் கடைக்காரர் தள்ளுவண்டியைக் கோபுர வாசலிலிருந்து குளத்துக்கு மாற்றிக்கொண்டார். வெளியூரிலிருந்து சட்டைப் பையில் பேனா செருகிய நாலு பேர் வந்து அளந்து பார்த்து, இந்த வெயிலில் இது இருக்க முடியாது என்று சொன்னார்கள். இருக்கிறதே என்றோம் நாங்கள். அவர்களும் ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் அம்மன் பெயரே குளிர்ந்தநாயகி. பேர் வைத்துக்கொண்டவள் பேருக்கேற்ற மாதிரி ஒருநாள் நடந்துகொண்டாள், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று பேச்சை அத்தோடு விட்டுவிட்டோம்.

அதற்கு முந்தின நாள்தான் மங்கையர்க்கரசி ஊருக்கு வந்திருந்தாள் என்பதால், பெட்டிக்குள் குளிரைக் கொண்டுவந்துவிட்டாள் என்று சொன்னவர்களும் உண்டு. சுபேதாரின் ஒரே மகள் அவள், சந்நிதித் தெருவில் பூட்டிக் கிடந்த அவர் வீட்டுக்கும் ஒரே வாரிசு. வீட்டை விற்றுவிட்டு மறுபடி டில்லிக்குப் போகத்தான் வந்தாள். சுபேதார் சிம்லாவில் வேலை பார்த்த காலத்தில், மற்றப் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடுகிற வயதில், காலில் கத்தி கட்டிப் பனிமேல் ஓடப் பழகியவள். ஓடி, வளைந்து, எழும்பிக் காற்றிலேயே சுற்றி, ஒற்றைக் காலில் இறங்கி, தேசத்திலேயே முதலாவதாக வந்து, கடல் தாண்டி ஒரு பெரிய போட்டிக்குப் போய், அங்கே கடைசித் தாவலில் அத்தனை பேர் முன்னாலும் விழுந்து, எழுந்து, ஆட்டத்தை முடித்துக் கும்பிட்டுவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு காலில் கத்தியைக் கட்டவே இல்லை. வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். அதற்குப் பிறகு நடுவராகி மார்க் போட்டாள். அந்த ஆட்டத்தில் அப்போதெல்லாம் முழு மார்க் ஆறு. நடுவர் நாற்காலியில் தலை நரைத்தவள் ஒரு தடவைகூட யாருக்கும் ஆறு போட்டதில்லை.

கனத்த உடம்பு, குட்டை முடி, வலது முழங்காலில் உறை. வெள்ளிக்கிழமை அவள் குளத்தங்கரைக்கு வந்து, குனிந்து பனியை விரலால் தட்டிப் பார்த்ததையும், எழுந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததையும் எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த சண்முகக்கனி பார்த்தாள்.

"என்னம்மா, தூசி விழுந்துட்டா?"

"இல்லை. நல்ல பனி. இவ்வளவு நல்ல பனியை நான் பார்த்ததில்லை" என்றாள் மங்கையர்க்கரசி.

"நல்லதுன்னா அதுமேல என்ன செய்யணும்?"

சண்முகக்கனிக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, மூன்றாவதாக ஒரு புருஷனையும் வளர்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் பதில் வரும் வரை விடமாட்டாள். மங்கையர்க்கரசி ஓடுவது எப்படி என்று வாயால் சொல்லிப் பார்த்தாள், கையால் காட்டிப் பார்த்தாள், கடைசியில் அவள் கையைப் பிடித்துப் பனியில் இறக்கி, பின்னாலிருந்து மெல்லத் தள்ளிவிட்டாள். சண்முகக்கனி வெறுங்காலோடு மண்டபம் வரை வழுக்கிக்கொண்டே போய், தூணைக் கட்டிப்பிடித்து நின்று, திரும்பிப் பார்த்து, "இன்னொரு வாட்டி தள்ளுங்க" என்றாள். அவ்வளவுதான், வீடு விற்கிற பேச்சு ஒத்திப்போனது.

அந்த வாரத்திலேயே சண்முகக்கனியோடு சேர்த்துப் பதினொரு பெண்கள் ஆனார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள், கிளியோபாட்ரா பியூட்டி பார்லர் நடத்துகிறவள், யாருமே முப்பத்தைந்துக்குக் கீழே இல்லை. மத்தியானம் சோறாக்கி இறக்கிவிட்டு, சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால், யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாத ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. அப்படி ஒரு மணி நேரம் உலகத்தில் இருப்பதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் காலுக்கு என்ன செய்வது? அம்மன் குளத்தில் செருப்புப் போட்டு இறங்கக் கூடாது. தர்மகர்த்தா தளவாய் அண்ணாச்சி, அரிசி மில் வைத்திருப்பவர், சாஸ்திரத்தில் ஓர் அரிசி குறைந்தாலும் விடாதவர், படித்துறையில் குடையோடு வந்து நின்று, "தோலு உள்ள வரப்படாது, சொல்லிப்புட்டேன்" என்றார். மரம் வரலாமா என்று கேட்டோம். பெரியவர்கள் பாதக்குறடு போட்டிருக்கிறார்களே, மரம் வரலாம் என்றார். இரும்பு? வேலும் சூலமும் உள்ளேதானே இருக்கு, இரும்பும் வரலாம். அன்றே ஆசாரி பட்டறையில் வேலை ஆரம்பமானது. காய் வெட்டக் கத்தி வந்தபின் பரணில் கிடந்த அரிவாள்மணைகளெல்லாம் இறங்கின. அலகைக் கழற்றி, நிமிர்த்தி, இரண்டாக வெட்டி, பாதக்குறட்டின் அடியில் பதித்து, பழைய வேட்டித் துணியால் காலோடு சுற்றிக் கட்டினார்கள். காய் நறுக்கின இரும்பு பனியை நறுக்கிக்கொண்டு ஓடியது. மங்கையர்க்கரசி ஒன்றை வாங்கி விளிம்பை நகத்தில் உரசிப் பார்த்துவிட்டு, தான் போட்டிருந்த சீமைக் கத்திக்கு இது குறைச்சலில்லை என்றாள். ஆனால் அவள் கட்டிக்கொள்ளவில்லை.

"மண்டபத்தை இடப்பக்கமாச் சுத்தி வாங்க" என்றாள் முதல் நாள்.

யாரும் நகரவில்லை.

"என்ன?"

"அம்மனை இடம் சுத்தச் சொல்லுதீங்களே" என்றாள் பியூட்டி பார்லர்க்காரி.

"உலகம் முழுக்க இந்த ஆட்டத்துல இடமாத்தான் சுத்துவாங்க."

"அங்கெல்லாம் நடுவுல அம்மன் இருக்க மாட்டால்லா" என்றாள் சண்முகக்கனி.

அவர்கள் வலமாகவே சுற்றினார்கள். படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசிக்குப் பழைய நினைவு வந்தது, சிறு பிள்ளையில் அவள் உடம்பும் வலமாகத்தான் திரும்பியது. எல்லாரும் இடம் போகையில் நீ மட்டும் வலம் போனால் நடுவர்களுக்குக் கோணலாகத் தெரியும் என்று சிம்லாவில் சொல்லிக்கொடுத்தவர் அவள் வலது கையை இடுப்போடு கட்டிப்போட்டு இடமாகத் திருப்பிவிட்டார். அதன்பின் அவள் ஜெயித்ததெல்லாம் இடம் சுற்றித்தான். விழுந்ததும் இடம் சுற்றித்தான். இப்போது வீட்டில் அடுப்பிலிருந்து அம்மிக்குத் திரும்பும்போது தன்னையறியாமல் வலமாகத் திரும்புவதைக் கண்டுபிடித்து, கையில் கரண்டியோடு இன்னொரு தடவை வலமாகத் திரும்பிப் பார்த்தாள்.

கற்றுக்கொடுக்க அவளால் முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். மண்டபத்தில் அம்மன் சிலை இருந்த கிழக்கு முகத்தைத் தாண்டும்போதெல்லாம், எவ்வளவு வேகத்தில் வந்தாலும் சரி, எந்த வளைவில் இருந்தாலும் சரி, பதினொரு பேரும் கையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கன்னத்தில் போட்டால் தோள் குறுகும், தோள் குறுகினால் கால் தடுமாறும். கையை விரித்தே வையுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினாள். விரித்தே வந்தார்கள், கிழக்கு முகம் வந்ததும் போட்டுக்கொண்டார்கள். பேருந்தில் போகும்போது கோயில் தெரிந்தாலே ஒரு பக்கத்து சீட் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊரில் இதற்கு மருந்து கிடையாது.

இதற்கிடையே மார்க் மோகம் ஊரைப் பிடித்தது. அவள் யாருக்கும் ஆறு போட்டதில்லை என்ற செய்தி பரவியதும், அந்த ஆறை வாங்கிவிட வேண்டும் என்று ஊரே கங்கணம் கட்டிக்கொண்டது. ஜட்ஜம்மா ஜட்ஜம்மா என்று வாசலுக்கு வந்து கோலத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். "இழை ஒரு இடத்துல நடுங்கியிருக்கு, அஞ்சு புள்ளி நாலு" என்பாள். இட்லியை வாயில் போட்டு மென்று, "உளுந்து குறைச்சல், நாலே முக்கால்" என்பாள். தவில்காரருக்கு அஞ்சரை, சலவைக்காரர் மடிப்புக்கு அஞ்சு புள்ளி ஏழு, மாமியார் மருமகள் சண்டையில் மாமியாருக்கு நாலு, மருமகளுக்கு மூணே முக்கால். தளவாய் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்தில் அண்ணாச்சியே இலைக்கு முன்னால் கை கட்டி நின்று கேட்டபோது, பாயசத்தை இன்னொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நாலரை என்றாள். அண்ணாச்சி முகம் கறுத்தது, ஆனால் சமையல்காரரை மாற்றினார்.

மார்கழி பிறந்ததும் வந்தது வினை. தைப்பூசத்தன்று குளிர்ந்தநாயகி தெப்பமேறி மண்டபத்தை மூன்று சுற்று வர வேண்டும். அண்ணாச்சி ஊர்க்கூட்டம் போட்டார்.

"தெப்பம்னா மிதக்கணும். மிதக்காதது தெப்பமில்ல. பூசத்துக்கு முன்னால ஜேசிபியக் கொண்டாந்து அம்புட்டையும் உடைச்சு அள்ளிருவோம்" என்றார்.

கூட்டத்தின் பின்வரிசையில் பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போய்விடும். மங்கையர்க்கரசிக்கு அதைவிட அதிகம் போய்விடும். டில்லியில் அவளுக்காகக் காத்திருந்தது ஒரு பூட்டும் ஒரு பால்கனியும்தான். வந்தபோது விற்றுவிட்டுப் போக நினைத்தவள், இந்தப் பனி கரைந்தால் தனக்கு இனி ஊரென்று ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் உணர்ந்தாள்.

சண்முகக்கனி எழுந்தாள். "அண்ணாச்சி, அம்மன் உறையணும்னு நெனச்சுத்தான உறைஞ்சா. தெப்பத்துக்கு அடியில அலகு வச்சா நாங்க இழுத்துட்டுப் போவோம். தண்ணியில போறதவிட அலுங்காமப் போகும்."

அண்ணாச்சி வெகுநேரம் மீசையைத் தடவினார். நியாயத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர், அதுதான் அவரிடம் கஷ்டம். "சரி. மூணு சுத்து. அம்மன் அலுங்கப்படாது, வெளக்கு ஒண்ணுகூட அணையப்படாது. ஆறுக்கு ஆறுன்னா பனி கெடக்கட்டும். ஒரு சுண்டு கொறைஞ்சாலும் மறுநா ஜேசிபி."

"மார்க்கு யாரு போடுவா?" என்றாள் சண்முகக்கனி.

"ஜட்ஜம்மாதான்."

மங்கையர்க்கரசி பதறி எழுந்தாள். "நான் போடக்கூடாது, அண்ணாச்சி. என்கிட்ட படிச்சவங்களுக்கு நானே மார்க் போடுறது எங்க விதியில கிடையாது."

"அது உங்க விதி. நான் பக்கத்துல நிக்கையிலேயே எம்பொண்ணு கல்யாணப் பாயசத்துக்கு நாலரை போட்டவுக நீங்க. இந்த ஊர்ல வேற யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

அதன்பிறகு மார்கழி முழுக்க, விடிந்ததும் விடியாததுமாகக் கோலம் போட்ட கையோடு பதினொரு பேரும் குளத்தில் இறங்கினார்கள். தெப்பத்துப் பீப்பாய்களைக் கழற்றிவிட்டு ஆசாரி நீள அலகுகளைப் பதித்தார். அம்மனுக்குப் பதில் நெல்மூட்டைகளை ஏற்றி இழுத்தார்கள். கயிறு இருகையிலும் இருந்ததால் கன்னத்தில் போட வழியில்லாமல் போனது, அது ஒரு விதத்தில் மங்கையர்க்கரசிக்கு நிம்மதி. நெல்மூட்டை ஒரு மணி சிந்தாமல் மூன்று சுற்று வந்த அன்று அவள் ஆளுக்கொரு டம்ளர் காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

பூசத்தன்று அந்தி சாயும் நேரம். நாலு பக்கப் படியிலும் எள் போட்டால் கீழே விழாது. தெப்பமெங்கும் அகல் விளக்குகள், நடுவே அரக்குப் பட்டில் குளிர்ந்தநாயகி, முன்னால் குருக்கள், பின்னால் நாதசுரமும் தவிலும். மேற்குப் படிக்குப் பின்னால் ஜேசிபி தும்பிக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. பதினொரு பெண்களும் மஞ்சள் சேலையை இழுத்துச் செருகி, கயிற்றைப் பிடித்து, ஒரு காலை முன்னால் ஊன்றினார்கள்.

முதல் சுற்றில் சத்தமே இல்லை. தண்ணீரில் போகும்போது ஆடுமே, முனகுமே, அதெல்லாம் இல்லாமல் அம்மன் தூக்கத்தில் நடப்பவளைப்போலப் போனாள். பனிக்கடியில் விளக்கு வெளிச்சத்தோடு மீன்களும் கூடவே சுற்றின. இரண்டாம் சுற்றில் நாதசுரக்காரர் தைரியம் வந்து பெரிய ராகமாக எடுத்தார். மூன்றாம் சுற்றில் கிழக்கு முகம் வந்தபோது குருக்கள் தீபாராதனைத் தட்டை உயர்த்தினார். மண்டபத்து மணி அடித்தது. அந்த வெளிச்சத்தில் அம்மன் முகம் நேருக்கு நேராகத் தெரிய, முன்னால் இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்த சண்முகக்கனி, கயிற்றை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒரு கணம்தான். கயிறு தொய்ந்தது, அவள் கால் கோணியது, ஒரு முழங்கால் பனியில் தட்டியது, உடனே எழுந்து கயிற்றைப் பிடித்துவிட்டாள். தெப்பம் லேசாக ஒரு குலுங்கு குலுங்கியது. ஓர் அகல் அணைந்தது. மற்றதெல்லாம் நின்று எரிந்தது. மூன்றாம் சுற்று முடிந்து தெப்பம் நிலைக்கு வந்தபோது தூரத்துப் படிகளில் இருந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் குலவையிட்டார்கள்.

அண்ணாச்சியும் பார்க்கவில்லை. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கண் திறந்து, "என்ன ஜட்ஜம்மா?" என்றார்.

ஆறு என்று ஒரு சொல் சொன்னால் போதும். மங்கையர்க்கரசி அந்தப் பதினொரு முகங்களையும் பார்த்தாள், வியர்வையும் பனிப்பொடியும் சேர்ந்து மினுங்கின முகங்கள். இவர்களைப்போல யாரையும் அவள் நேசித்ததில்லை. அதனாலேயே அவளுக்குப் பொய் வரவில்லை.

"அஞ்சு புள்ளி ஒம்பது" என்றாள். "கிழக்கு முகத்துல கயிறு தொய்ஞ்சது. ஒரு விளக்கு அணைஞ்சது. நான் பார்த்தேன்."

குலவை நின்றது. சண்முகக்கனி பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி கீழே இறங்கி, வெறுங்காலோடு வழுக்கி வழுக்கி அவளிடம் போனார். "கயித்த என்னத்துக்கு விட்ட?"

"விடணும்னு விடல, அண்ணாச்சி. அம்மன் நேராப் பாத்தா. கை தானாப் போயிட்டு."

அண்ணாச்சி நிமிர்ந்து தெப்பத்தைப் பார்த்தார். அவ்வளவு அலங்காரத்தை, அவ்வளவு அலுங்காத பவனியை அவர் தன் காலத்தில் கண்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அணைந்த அகலை எடுத்துவரச் சொன்னார். திரியில் கரி இருந்தது. அதைக் கட்டைவிரலால் எண்ணெயோடு குழைத்தார். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து, சண்முகக்கனியின் முழங்கால் தட்டின இடத்தில், பனியின்மேல் அழுத்தி ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார்.

"பச்சப்புள்ளைக்குச் சிங்காரிச்சிட்டு நாம என்ன செய்யுதோம்? கன்னத்துல ஒரு கரிப்பொட்டு வச்சுத்தான வெளிய தூக்கிட்டுப் போறோம். முழுசா ஆறு வாங்கியிருந்தா இந்நேரம் ஊரு கண்ணே பட்டிருக்கும்" என்றார். பிறகு மேற்குப் படியைப் பார்த்து, "ஏ, அந்த வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அடங்கிக் கிடந்த குலவை இரண்டு மடங்காக எழுந்தது. மங்கையர்க்கரசி மட்டும் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடல் தாண்டிய ஊரில், அத்தனை பேர் முன்னால், தான் விழுந்த இடத்தை இத்தனை வருஷமும் அவள் கண்ணை மூடினால் பார்த்திருக்கிறாள். அது அவள் வாழ்க்கையின் அசிங்கம் என்றே நினைத்திருந்தாள். அந்த இடத்தின்மேல் யாரும் இப்படிக் குனிந்து ஒரு பொட்டு வைத்ததில்லை.

சண்முகக்கனி எழுந்து வந்து, கூட்டத்தை விலக்கி, ஒரு துணி மூட்டையை அவள் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு ஜோடி பாதக்குறடு. "சுபேதார் வீட்டு அடுப்படியில உங்க அம்மா அரிவாமண கெடந்துச்சு. ஒங்கள்ட்ட கேக்காம எடுத்து ஆசாரிகிட்ட கொடுத்துட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க."

மங்கையர்க்கரசி படியில் உட்கார்ந்து, முழங்கால் உறையை இறுக்கி, வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டினாள். அவள் மெல்ல இறங்கி, தளர்ந்த இரண்டு தள்ளு தள்ளி, வேகம் பிடித்து, மண்டபத்தை வலமாக ஒரு சுற்று வந்தாள். கிழக்கு முகத்தில் அவள் கையும் தானாகக் கன்னத்துக்குப் போனது. அந்தக் கறுப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் எழும்பினாள். ஒரு சாண் உயரம்கூட இருக்காது, ஆனால் காற்றில் வலமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கினாள், தடுமாறினாள், கையைத் துழாவினாள், விழாமல் நின்றாள்.

படிக்கட்டு முழுக்கத் திரும்பி சண்முகக்கனியைப் பார்த்தது. அவள் இடுப்பில் கையை வைத்து, ஜட்ஜம்மாவைப் போலவே தலையைச் சாய்த்து, கொஞ்சம் யோசித்தாள்.

"அஞ்சு புள்ளி ஒம்பது" என்றாள்.

மங்கையர்க்கரசி பனியின் நடுவில் நின்றபடியே அழுதாள், சிரித்தாள், பிறகு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினாள்.